மழை முதலில், காற்று பிறகு: யாழ்ப்பாண வளவொன்றில் வானிலைக் கருவி நிறுத்திய பதிவு

கூரை முகட்டில் ஏற்றியிருந்த வயரில்லா வானிலைக் கருவியை இறக்கி, முற்றத்து மண்ணில் இரண்டு மீற்றர் உயரத்தில் நிறுத்திய பிறகுதான் மழைக் கணக்கு நம்பக்கூடியதாக வந்திருக்கிறது. பக்கத்தில் வைத்த கைமழைமானியோடு இப்போது ஒத்துப்போகிறது. காற்றின் வேகத்தைக் குறைத்துத்தான் காட்டுகிறது; அது தெரிந்தே எடுத்த முடிவு. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. கிணற்றில் ஊறுவதெல்லாம் மேலே பெய்து சுண்ணக்கல்லுக்குள் இறங்கின மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்து முடிந்துவிடுகிறது. இங்கே ஒரு கருவி ஒரேயொரு எண்ணைத்தான் சரியாகச் சொல்லும் என்றால், அது மழையாக இருக்கவேண்டும்.

கருவி வழமையான ஏழு-ஒன்று வகை: காற்றுவேகக் கிண்ணங்கள், திசைகாட்டி, மழைவாளி, வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் உணரி, வெயிலும் புறஊதாவும் அளக்கும் உணரி எல்லாம் ஒரே தலையில். ஏறக்குறைய 16 செக்கனுக்கு ஒருமுறை அலைவரிசையில் அனுப்பும். வீட்டுக்குள்ளே ஒரு திரை; அழுத்தமானி அந்தத் திரைக்குள்தான் இருக்கிறது, வெளியே இல்லை. 433, 868, 915 மெகாஹேட்ஸ் என்று வெவ்வேறு பதிப்புகள் வருகின்றன. தலையும் திரையும் ஒரே அலைவரிசைப் பதிப்பாக இருக்கவேண்டும். ஒன்றை ஓரிடத்திலும் மற்றதை வேறிடத்திலும் வாங்கினால் இரண்டும் ஒருநாளும் பேசிக்கொள்ளாது. பழைய கல்வீடுகளின் தடித்த சுவர்களுக்கு 433 நல்லது. இறக்குமதியாளர் விற்கும், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி உள்ள பெட்டியை வாங்கினால் சுங்கத்தில் இழுபறி இல்லை.

விலை நிற்காமல் மாறுவதால் ரூபாவில் எழுதிப் பயனில்லை. பங்காகச் சொன்னால், செலவழிந்த ஒவ்வொரு நூறு ரூபாவிலும் அறுபது கருவிக்கு, இருபத்தைந்து குழாய், உறை, சிமெந்து, துருப்பிடியாத போல்ட்டுகளுக்கு, மிச்சப் பதினைந்து ரவுற்றருக்கும் திரைக்குமான சிறிய மின்சேமிப்புப் பெட்டிக்கு. கருவிக்கே முழுக்காசையும் கொடுத்துவிட்டு மூங்கில் தடியில் கட்டுவதைவிட, ஒரு படி குறைந்த கருவியை வாங்கி நல்ல கம்பத்தில் நிறுத்துவது மேல்.

மேசையில் வைத்தே பார்க்கவேண்டியவை

கம்பத்தில் ஏற்றினபின் எதையும் சோதிப்பது கரைச்சல். அதனால் முதலில் தலையையும் திரையையும் இரண்டு மூன்று மீற்றர் இடைவெளியில் மேசையில் வைத்து, பற்றரி போட்டு, ஒரு இரவு ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். பகலில் தலை வெயில்தகட்டில் ஓடும். உள்ளேயிருக்கும் இரண்டு ஏஏ பற்றரியும் துணைக்குத்தான். அதிலே திரும்ப சார்ஜ் செய்யும் வகையைப் போடக்கூடாது, வோல்ற்றளவு குறைவு. சாதாரண அல்கலைன் நம் வெக்கையில் கசிந்து தொடுகம்பியை அரித்துவிடுகிறது. லிதியம் ஏஏ விலை கூட, ஆனால் கசியாது.

ஈரப்பதத்தைச் சரிபார்க்க உப்பே போதும். ஒரு சிறிய தட்டில் மூன்று மேசைக்கரண்டி உப்பெடுத்து, ஈரமணல் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடவேண்டும். உப்பு கரைந்து போகக்கூடாது. தட்டையும் கருவித் தலையையும் ஒரு பெரிய தடித்த பொலித்தீன் பைக்குள் வைத்து வாயை இறுக்கிக் கட்டி, மின்விசிறியும் வெயிலும் படாத அறையில் ஒரு இரவு விட்டால், பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். திரையில் 78 என்று நின்றால் அளவுதிருத்தத்தில் மூன்றைக் கழிக்கவேண்டும். இதற்குக் கடையில் பைக்கற்றில் வரும் சுத்திகரித்த தூள் உப்பே சரி. ஆனையிறவுக் கல்லுப்பு சமையலுக்கு எவ்வளவு நல்லதென்றாலும், அதில் மக்னீசிய உப்பு கலந்திருப்பதால் ஈரப்பதம் 75க்குக் கீழே போய் நிற்கும். அதை நம்பித் திருத்தினால் பிழை இரட்டிக்கும்.

மழைவாளிக்குத் தனிக் கணக்கு. புனலின் வாய் விட்டம் இங்கே 11.5 சென்ரிமீற்றர். பரப்பளவு 103.9 சதுர சென்ரிமீற்றர். ஆகவே ஒரு மில்லிமீற்றர் மழை என்பது 10.4 மில்லிலீற்றர் தண்ணீர். வாளி ஒருமுறை கவிழ்ந்தால் 0.254 மில்லிமீற்றர், அதாவது 2.6 மில்லிலீற்றர். அரை லீற்றர் தண்ணீரை அளந்தெடுத்துப் போத்தலில் ஊற்றி, மூடியில் ஊசியால் ஒரு துளை போட்டு, அடியில் காற்றுப் போக இன்னொரு துளை போட்டு, புனலின் மேல் கவிழ்த்து வைத்துச் சொட்டவிடவேண்டும். முழுவதும் இறங்க ஒரு மணித்தியாலமாவது எடுக்கவேண்டும். திரையில் வரவேண்டிய மழை 48.1 மில்லிமீற்றர். வந்தது 45.7. 48.1ஐ 45.7ஆல் பிரித்தால் 1.05, அதுதான் மழைக்கான பெருக்கு எண்ணாகத் திருத்தத்தில் போட்டது. கருவி மட்டமாக இல்லாவிட்டால் இந்தச் சோதனை முழுக்க வீண். தலையிலேயே உள்ள குமிழிமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் வாளியின் ஒரு பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் கவிழும்.

தண்ணீரை வேகமாக ஊற்றிச் சோதித்தால் எண் இன்னும் குறையும். வாளி கவிழ்கிற அந்தக் கணத்தில் விழுகிற தண்ணீர் எந்தப் பக்கத்துக்கும் கணக்கில் வராது. கார்த்திகை மாதக் கொட்டுமழையில் நடப்பதும் இதுவேதான். மெதுவான சொட்டில் திருத்தின கருவி பெருமழையில் சற்றுக் குறைத்தே சொல்லும் என்று வைத்துக்கொள்ளவேண்டும்.

கூரை ஏன் சரிவரவில்லை

கையேடு "உயரமான, தடையில்லாத இடம்" என்கிறது. அதன்படி ஓட்டுக்கூரை முகட்டுக்கு மேலே ஒரு மீற்றர் உயரத்தில் முதலில் நின்றது. காற்றுவேகம் அழகாக வந்தது. மழைதான் கெட்டது. உயரம் கூடக் கூட காற்று புனலின் வாயைச் சுற்றிச் சுழன்று துளிகளைத் தள்ளிக்கொண்டு போய்விடும். மழை சரிந்து பெய்யும் நாட்களிலெல்லாம் கீழே வைத்த கைமானியைவிடக் குறைவாகவே காட்டியது. நேராகப் பெய்யும் மழையில் மட்டும் வித்தியாசம் சின்னது. நமது பெருமழை பெரும்பாலும் வாடைக்காற்றோடு வருவதால், தேவையான நாளிலேயே கணக்குப் பிழைக்கிறது. வெப்பமும் சரியில்லை. பகல் முழுக்க ஓடு வாங்கின சூடு நேரே மேலெழும்பி உணரியின் வெயில்மறைப்புத் தட்டுகளுக்குள் போகிறது. தகரக் கூரையோ கொங்கிறீற்றுப் பிளாற்றோ என்றால் இன்னும் மோசம்.

உலக வானிலை அமைப்பு காற்றை 10 மீற்றரிலும், வெப்பத்தை 1.25 முதல் 2 மீற்றருக்குள்ளும் அளக்கச் சொல்கிறது. எல்லாம் ஒரே தலையில் ஒட்டியிருக்கும்போது இரண்டையும் சேர்த்து நிறைவேற்ற வழியில்லை. எதை விடுவது என்று வீட்டுக்காரர்தான் தீர்மானிக்கவேண்டும்.

முற்றத்தில் இடம் தேடுதல்

மழைமானி ஒரு தடையிலிருந்து, அந்தத் தடை புனல்வாய்க்கு மேலே எவ்வளவு உயர்ந்து நிற்கிறதோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கவேண்டும். இதை யாழ்ப்பாணத்துக் காணியில் நிறைவேற்றுவது லேசில்லை. ஒரு ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. இரண்டு பரப்புக் காணி சதுரமாக இருந்தாலும் பக்கம் 22 மீற்றர் அளவுதான். பன்னிரண்டு மீற்றர்த் தென்னை ஒன்று இருந்தாலே நடுவிலும் இடம் அகப்படாது. செய்த வழி இது: கைப்பேசியில் சாய்வுகோணம் காட்டும் செயலியைப் போட்டு, புனல் வரப்போகும் உயரத்தில் பிடித்து, சுற்றிவர ஒவ்வொரு மர உச்சியையும் கூரை விளிம்பையும் பார்ப்பது. 27 பாகைக்குள் அடங்கினால் இரண்டு மடங்கு விதி நிறைவேறுகிறது. அடங்காத திசையில் 45 பாகையைத் தாண்டாமல் பார்ப்பது. வடக்கு, வடகிழக்குப் பக்கம் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை, ஏனென்றால் மாரிமழை அந்தப் பக்கத்திலிருந்துதான் சரிந்து வருகிறது. ஆறடி மதில் இரண்டு மீற்றர் உயரப் புனல்வாயைவிடத் தாழ்வு என்பதால் இந்த விதிக்குள் வராது. வேப்பமரம், முருங்கை இரண்டின் கீழ்க்காற்றிலும் நிறுத்தக்கூடாது. காரணம் பிறகு வருகிறது.

குழி, உறை, கம்பம்

வலிகாமத்தில் பல காணிகளில் ஒரு அடி தோண்டினாலே கல் தட்டும். மண்வெட்டி அங்கே நின்றுவிடும், பிறகு அலவாங்குதான். அறுபது சென்ரிமீற்றர் ஆழம் போனால் நல்லது. கல்லுக்குள் நாற்பது போனாலும் பிடி போதும்.

கம்பத்தை நேரடியாகச் சிமெந்தில் புதைக்காமல் உறை வைத்தது இந்த வேலையில் மிகப் பயன்பட்ட முடிவு. இரண்டு அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்த்துண்டு 75 சென்ரிமீற்றர் நீளத்துக்கு எடுத்து, மேல்விளிம்பிலிருந்து கொஞ்சம் கீழே மூன்று பக்கத்திலும் துளைபோட்டு, துளையின் மேல் நட்டுகளை உருக்கி ஒட்டவைத்து, குழியில் நிறுத்தி, சிமெந்து, மணல், சல்லி ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவை போட்டது. உறையின் அடியில் இரண்டு கை சல்லி. மழைத்தண்ணீர் உள்ளே நிற்காமல் இறங்கவேண்டும். கொங்கிறீற்றின் மேல்முகம் வெளிப்பக்கம் சரிய வேண்டும், இல்லாவிட்டால் குழாய் துருப்பிடிப்பது சரியாக அந்தக் கோட்டில்தான் தொடங்கும். கம்பம் ஒன்றேகால் அங்குலக் குழாய், வெளிவிட்டம் 42 மில்லிமீற்றர். உறையின் உள்விட்டம் 53 அளவில் இருப்பதால் கம்பம் தாராளமாக இறங்கும். மூன்று போல்ட்டையும் மாறிமாறி இறுக்கிக் கம்பத்தை நேராக்கலாம். ரசமட்டத்தை இரண்டு பக்கம் வைத்துப் பார்த்து, கடைசியில் தலையின் குமிழியைப் பார்த்து முடிக்கவேண்டும். துப்புரவாக்கும்போது போல்ட்டைத் தளர்த்திக் கம்பத்தோடு தூக்கி எடுக்கலாம், ஏணி வேண்டாம்.

ஒன்றரை அங்குல உறை போதும் என்று கடையில் சொல்வார்கள். அதன் உள்விட்டம் ஏறத்தாழ 42தான். துத்தநாகப் பூச்சின் தடிப்போடு சேர்த்தால் இறங்காது.

பெட்டியில் வரும் வளைபோல்ட்டுகளைப் பார்த்தவுடன் எடுத்து வைத்துவிடலாம். கடல்காற்றும் பரவைக்கடல் உப்பும் படும் இடத்தில் அவை ஒரு பருவத்திலேயே செம்மை தட்டிவிடும். 316 தரத் துருப்பிடியா உருக்கு வேண்டும்; 304 கிடைத்தால் அதுவும் தரைப்பக்கத்துக்குப் பரவாயில்லை. துருப்பிடியா நட்டைப் பூட்டுமுன் புரியில் கிறீஸ் தடவவேண்டும். தடவாமல் இறுக்கினால் உருக்கும் உருக்கும் பற்றிக்கொண்டு பிறகு அறுத்துத்தான் எடுக்கலாம்.

வடக்கும் வெயிலும்

தலையில் குறித்த வடக்கு வடக்கைப் பார்க்கவேண்டும். திசைகாட்டியை இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் அது கம்பத்தையே காட்டும். ஐந்தாறு மீற்றர் தள்ளி நின்று திசை எடுத்து, கம்பத்தின் ஊடாக ஒரு கயிற்றை வடக்குத்தெற்காக இழுத்துக் கட்டி, தலையைக் கயிற்றோடு ஒத்துத் திருப்புவது சரியான முறை. பிறகு ஒரு இலவசச் சோதனை உண்டு: சோளகக்காற்று பிடித்துவிட்டால் திசைகாட்டி தென்மேற்கிலேயே நாள்கணக்காக நிற்கவேண்டும். மேற்கிலேயே நின்று கச்சான் என்று காட்டினால் தலை திரும்பியிருக்கிறது.

வட அரைக்கோளத்தில் வெயில்தகடு தெற்கைப் பார்க்கவேண்டும் என்று கையேட்டில் இருக்கும். அது ஐரோப்பாவுக்கு எழுதினது. யாழ்ப்பாணம் 9.7 பாகை வடக்கில் இருப்பதால் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஆவணியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் மத்தியான வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து விழும். தகடு எந்தப் பக்கம் பார்த்தாலும் இங்கே மின்சாரம் போதும். அதைத் தெற்கே திருப்புவதற்காக வடக்குக் குறியை ஒருபோதும் விடக்கூடாது.

உள்ளே

இந்த வகைத் திரைகள் 2.4 கிகாஹேட்ஸ் வைஃபையில் மட்டும் சேரும். ரவுற்றர் இரண்டு அலையையும் ஒரே பெயரில் விட்டிருந்தால் பிரித்து வேறு பெயர் கொடுக்கவேண்டும். மின்சாரம் போனால் திரையும் ரவுற்றரும் நின்றுவிடும். வெளியே தலை அனுப்பிக்கொண்டேயிருக்கும். மழைக்கணக்கைத் தலையே கூட்டி வைத்து அனுப்புவதால், மின்சாரம் வந்ததும் மொத்தம் தானாகச் சேர்ந்துவிடும். அந்த நேரத்தில் வீசின கடுங்காற்றின் உச்சவேகமோ, மழை எந்த நிமிடத்தில் எவ்வளவு பெய்தது என்பதோ திரும்ப வராது. புயல்மழை நாளில்தான் மின்சாரமும் போகும் என்பதால் அந்தச் சின்ன மின்சேமிப்புப் பெட்டி ஆடம்பரம் அல்ல.

நேரவலயத்தைக் கொழும்பு என்று போடவேண்டும். செயலி மழையை நள்ளிரவிலிருந்து நள்ளிரவுக்குக் கூட்டுகிறது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாள்மழை காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. விடிகாலையில் பெய்த மழை இரண்டு கணக்கில் இரண்டு திகதிக்குப் போகும். ஒப்பிடுகிறவர்கள் கருவி பிழை என்று முடிவு கட்டுமுன் இதைப் பார்க்கவேண்டும். கைமானியையும் காலை 8.30க்கே வாசிப்பது வசதி. கைமானி என்றால் பெரிய பொருளில்லை: வரியில்லாமல் நேர்ச்சுவராக உள்ள ஒன்றரை லீற்றர்ப் போத்தலின் தோளை வெட்டிப் புனலாகக் கவிழ்த்து, அடியில் கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு, சுவர் நேராகும் இடத்தில் பூச்சியக் கோடு கீறினால் முடிந்தது. கோட்டுக்கு மேல் அடிமட்டத்தில் எத்தனை மில்லிமீற்றரோ அத்தனை மழை.

திரையில் வரும் முகில், சூரியன், மழைப் படங்களை நம்பவேண்டாம் என்று அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. அவை அழுத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மட்டும் பார்த்துப் போடப்படுபவை, குளிர்நாடுகளுக்குப் பொருந்துபவை. நமது பக்கத்தில் அழுத்தம் ஒவ்வொரு நாளும் காலை பத்து மணியளவில் ஏறி, மாலை நாலு மணியளவில் இறங்கி, இரவு பத்துக்கு ஏறி, விடிய நாலுக்கு இறங்கும். மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவு ஏற்றஇறக்கம், வானம் வெறுமையாக இருந்தாலும் நடக்கும். திரை அதைப் பார்த்து ஒவ்வொரு பின்னேரமும் முகில் படம் போடுகிறது. அழுத்தத்தைப் பயன்படுத்தவேண்டுமென்றால் நேற்று இதே நேரத்து அளவோடு ஒப்பிடவேண்டும். நேற்று மாலை நாலு மணிக்கு இருந்ததைவிட இன்று நாலு மணிக்கு நாலைந்து குறைந்திருந்தால் வங்காள விரிகுடாவில் என்ன நடக்கிறதென்று பார்க்கவேண்டும். கடல்மட்டத் திருத்தம் இங்கே சின்னது: எட்டு மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஹெக்டோபாஸ்கல். குடாநாட்டின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும்.

கெடுப்பவை

மாசி முடிந்து பங்குனியில் வேப்பம்பூ. நுணுக்கமான அந்தப் பூ புனலின் சல்லடையில் விழுந்து காய்ந்து பாய்போலப் படர்ந்துவிடும். முதல் மழைக்குத் தண்ணீர் புனலிலேயே தேங்கி, மழை விட்டபின் மெதுவாக இறங்கி, பெய்யாத நேரத்தில் மழை காட்டும். மழை நின்று ஒரு மணித்தியாலம் கழித்தும் 0.3, 0.3 என்று ஏறிக்கொண்டிருந்தால் சல்லடையைப் பார்க்கவேண்டும். முருங்கையிலை அதையே செய்யும், இன்னும் ஒட்டும். சோளகத்தில் செம்மண் தூசு புனலுக்குள் படிந்து, சிறுதூறலில் சேறாகி வாளியின் ஒரு பக்கத்தில் ஒட்டி அதைப் பாரமாக்கும். பிறகு அந்தப் பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் கவிழ்ந்து கணக்குக் கெடும். எறும்பும் சிலந்தியும் வாளிக்குள் குடியேறும். சிலந்திநூல் ஒன்று போதும் வாளி அசையாமல் நிற்க. வெயில்மறைப்புத் தட்டுகளுக்குள் குளவி மண்கூடு கட்டினால் காற்றோட்டம் நின்று பகல் வெப்பம் ஏறும். பகலில் மட்டும் கூடி இரவில் சரியாக இருந்தால் கூட்டைத் தேடலாம். காகம் உட்காராமல் புனல் விளிம்பில் நைலோன் கட்டுப்பட்டிகளின் வால் நீட்டிநிற்க நாலு கட்டினது. புனல் வாய்க்கு மேலே குறுக்காக எதுவும் கட்டக்கூடாது.

ஐப்பசி பிறக்குமுன் கம்பத்தைத் தூக்கி எடுத்து, புனலைக் கழற்றி, வாளியைச் சவர்க்காரம் இல்லாமல் வெறும் தண்ணீராலும் மெல்லிய தூரிகையாலும் கழுவி, எண்ணெய் எதுவும் விடாமல் பூட்டி, அரை லீற்றர்ச் சோதனையைத் திரும்பச் செய்யவேண்டும். சோதனைத் தண்ணீர் அன்றைய மழையாகப் பதிவாகாமல் இணையத்துக்கு அனுப்புவதை முதலே நிறுத்திவைக்கவேண்டும்.

அடுத்தமுறை

ஏழு-ஒன்றை வாங்காமல் தனித்தனி உணரிகளாக எடுப்பது நல்லது. 0.1 மில்லிமீற்றருக்கு ஒருமுறை கவிழும் தனி மழைவாளி முற்றத்தில், வெப்ப உணரி தனி மறைப்புக்குள் ஒன்றரை மீற்றரில், காற்றுக்கிண்ணம் மட்டும் முகட்டுக்கு மேலே. செலவு கூடும், ஆனால் ஒன்று பழுதானால் ஒன்றையே மாற்றலாம். திறந்த புல்வெளியில் இரண்டு மீற்றர் உயரத்துக் காற்று பத்து மீற்றர்க் காற்றின் முக்கால்பங்கு என்று கணக்கிருக்கிறது. மதிலும் மரமும் சூழ்ந்த வளவில் அந்தப் பெருக்கலைப் போடக்கூடாது, இங்கே அது பாதிக்கும் கீழே விழும். முகட்டுக் கம்பத்துக்கு ஆறு மீற்றர்க் குழாயும், மூன்று பக்க இழுவைக் கம்பியும், சித்திரையிலும் ஐப்பசியிலும் வரும் இடிமின்னலுக்காகத் தடித்த செப்புக் கம்பியில் நிலத்தொடுப்பும் வேண்டும். அந்த வேலையைத் தகுதியுள்ள மின்னியலாளரிடம் கொடுக்கவேண்டும், வீட்டு மின்சாரத்தின் நிலத்தொடுப்போடு அதுவும் சேர்க்கப்படவேண்டும் என்பதால்.